பச்சிலையை வினாவிய பேராசிரியை

வீட்டு முற்றத்திலும் வேலியோரத்திலும் ஊதாவும் வெள்ளையுமாக மலர்ந்து நிற்கும் பட்டிப்பூவை நாம் நாள்தோறும் காண்கின்றோம். நித்தியகல்யாணி என்பதும் அதற்கே பெயர். அதன் இலையை அவித்துக் குடித்தால் நீரிழிவு தணியும் என அயலவர் கூறக் கேட்டிருக்கின்றோம். அது மெய்தானா, எவ்வளவு குடிக்கலாம், குடித்தால் தீங்குண்டோ என வினவுவோர் நம்மிற் சிலரே. மூலிகைகளைப் பற்றி இத்தகைய வினாக்களை எழுப்பி விடை காண்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் வங்காளத்துப் பேராசிரியை அசீமா சட்டர்ஜி.

1917ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு வைத்தியரின் மகளாகப் பிறந்த அம்மையார், பெண்கள் விஞ்ஞானம் கற்பது அரிதாயிருந்த காலத்தில் இரசாயனத்தைத் தேர்ந்து கற்றார். 1944இல் கல்கத்தாச் சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. இந்தியச் சர்வகலாசாலையொன்றில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. 1947இல் கைக்குழந்தையுடன் அமெரிக்கா சென்றார். பின்னர் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், நோபல் பரிசு பெற்ற பவுல் காரரிடம் ஆராய்ச்சி செய்து 1950இல் தாயகம் மீண்டார்.

அவரது துறை சேதன இரசாயனம். அதாவது, காபன் அணுக்களை எலும்புக்கூடாகக் கொண்ட பொருள்களை ஆராயும் கலை. ஒரு மூலிகையிலே நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கின்றன. இலையையோ வேரையோ உலர்த்தித் தூளாக்கி, மதுசாரத்தில் ஊறவைத்து, சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இறுதியில் ஒரு தூய பளிங்கைப் பெறுதல் வேண்டும். அதன் அணுக்கள் எவ்வாறு பிணைந்துள்ளன என்று கண்டறிதல் அடுத்த படி. அவையே அணுக்களாயினும், பிணைந்திருக்கும் திசை மாறினாற் குணமும் மாறலாம். ஆதலால் இவ்வேலைக்குப் பொறுமை வேண்டும், கருவிகளும் வேண்டும். கருவிகள் குறைவாயிருந்த அந்நாளில், அம்மையார் தாம் பிரித்த பொருள்களைப் பகுப்பாய்வுக்காக வெளிநாடுகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

சர்ப்பகந்தியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து 1941இல் அவர் பிரித்த இறவுல்சின் என்னும் பொருள், நரம்புகளின் தொழிற்பாட்டை அறிய ஆய்வுகூடங்களில் இன்றும் பயன்படுகின்றது. அச்மலிசின், சாப்பகின் என்பவற்றின் அணுவமைப்பையும் அவர் ஆராய்ந்து தெளிந்தார். ஏறக்குறைய 400 ஆராய்ச்சிக் கட்டுரைகள் அவர் பெயரால் வெளிவந்துள்ளன.

வயலோரச் சேற்றில் நான்கு சிற்றிலைகளை விரித்து நிற்கும் ஆரைக்கீரை நமக்குப் பழக்கமானதே. அதனின்றும் வலிப்பு நோய்க்கான 'ஆயுஷ் 56' என்னும் மருந்தை உருவாக்கியவர் அவர். ஏழிலைப்பாலைப் பட்டை, கழற்சி விதை முதலியன சேர்ந்த 'ஆயுஷ் 64' என்னும் மலேரியா மருந்திலும் அவருக்குப் பங்குண்டு. பிற்காலத்து ஒப்பீட்டுச் சோதனையொன்றில் அம்மருந்து குளோரோகுயினுக்கு ஈடாகவில்லை என்பதையும் கூறுதல் முறையாகும். பழமை என்பதற்காக எதனையும் ஏற்காமலும் தள்ளாமலும் சோதித்து அறிவதன்றோ விஞ்ஞானம்!

பட்டிப்பூவின் புற்றுநோய் மருந்தை அவரே கண்டுபிடித்தார் எனச் சிலர் எழுதுவர். அது சரியன்று. அச்செடியின் இரசாயனத்தை அவர் ஆராய்ந்தாராயினும், அம்மருந்துகளுள் ஒன்றாகிய வின்பிளாஸ்ரினைக் கண்டவர்கள் கனடாவின் நோபிள், பீர் என்னும் இருவர். நீரிழிவுக்கு உதவுமோ என்று அவ்விலைச் சாற்றை எலிகளுக்கு ஏற்றியபோது சர்க்கரை குறையவில்லை; வெண்குருதிக் கலங்களே குறைந்தன. அதிலிருந்து பிறந்த ஆராய்ச்சி 1958இல் மருந்தாய் வெளிப்பட்டது. அச்செடியிலிருந்தே பெறப்படும் வின்கிறிஸ்ரின் இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு, வைத்தியர் நிறுத்தளக்கும் மிகச் சிறிய அளவிற் கொடுக்கப்படுகின்றது. அளவின்றி அவித்துக் குடிப்போருக்கு அதே செடி நஞ்சாகவும் கூடும். பச்சிலைக்கும் மருந்துக்கும் இடையே உள்ள இத்தூரத்தைக் கடப்பதற்கே அம்மையார் போன்றோர் ஆயுளைச் செலவிட்டனர்.

1961இல் பட்நாகர் பரிசு பெற்ற முதற் பெண்மணியும், 1975இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரசின் பொதுத் தலைமையை ஏற்ற முதற் பெண்மணியும் அவரே. 1962 முதல் 1982 வரை கல்கத்தாவில் கைரா பேராசிரியராய் விளங்கினார். பின்னர் இராஜ்ய சபையிலும் நியமன உறுப்பினராய் அமர்ந்தார். பள்ளி மாணவருக்காக வங்க மொழியில் இரசாயன நூலொன்றும் எழுதினார். இந்திய மூலிகைகள் பற்றி அவர் பதிப்பித்த ஆறு தொகுதிகள் ஆராய்ச்சியாளருக்கு இன்றும் துணை நிற்கின்றன. 2006இல் அவர் மறைந்தார்.

நம் இல்லங்களிலும் கைவைத்தியம் அறிந்த பாட்டிமார் உளர். அவர்கள் சொல்வதை இகழவேண்டா. ஆயினும், 'இதனுள் என்ன இருக்கின்றது? எவ்வளவு?' என்று கேட்கும் சிறுமியையும் வாயடக்க வேண்டா. அவ்வினாவை விடாது பற்றியவரே பேராசிரியை அசீமா சட்டர்ஜி.