ஒல்லியா இருந்தா சர்க்கரை வராதா?

நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை உண்டு. குண்டா இருக்கறவங்களுக்குத்தான் சர்க்கரை, பிரஷர் எல்லாம் வரும், ஏரிக்கும் கடலுக்கும் போற ஆளுக்கு ஒண்ணும் வராது என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்க அப்பாவுக்குக் கை கால் எல்லாம் குச்சி மாதிரி இருக்கும். வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வரும், அவ்வளவுதான்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் அக்கா எங்க குப்பத்துக்கு வந்தாங்க. அம்மா, பாட்டி, அத்தை எல்லாரும் விரலை நீட்டினார்கள். அப்பா மட்டும் "எனக்கு எதுக்கும்மா? நான் என்ன குண்டாவா இருக்கேன்?" என்று வலை பின்னிக்கொண்டே இருந்தார். அக்கா விடவில்லை. குத்திப் பார்த்தால் 268! அத்தைக்குத்தான் இருக்கும்னு நெனச்சோம், அவங்களுக்கு 110. பிறகு ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்தும் அப்பாவுக்குச் சர்க்கரைதான் என்றார்கள். அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

எப்படி வந்தது? அறிவியல் சாரிடம் கேட்டேன். முதலில் கணக்கு போடச் சொன்னார். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். அப்பா 60 கிலோ, 1.65 மீட்டர். விடை 22. பொதுவாக உலகத்தில் 25-க்கு மேல் போனால் அதிக எடை. நம்ம நாட்டுக்காரங்களுக்கு 23-லேயே எச்சரிக்கை. இரண்டிலும் அப்பா பாஸ்!

"இப்போ வயிற்றை அள" என்றார் சார். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் டேப் வாங்கினேன். லுங்கி கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். 94 செ.மீ. வந்தது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டக் கூடாதாம். அப்பா இங்கேதான் ஃபெயில்.

2004-ல் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே மருத்துவ இதழில் போட்டார்கள். ஒருவர் லண்டன் யுட்கின், இன்னொருவர் புனே யாஜ்னிக். இருவருக்கும் அந்தக் கணக்கு ஒரே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! 2023-ல் வந்த பெரிய இந்திய ஆய்விலும் எடைக் கணக்குப்படி குண்டு என்றால் 100-க்கு சுமார் 29 பேர், வயிற்றளவுப்படி பார்த்தால் சுமார் 40 பேர்.

இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, ஐஸ் பெட்டியில் வைத்த மீன் மாதிரி. கெடுதல் குறைவு. நம்ம ஆட்களுக்குப் பெட்டி சின்னது. நிரம்பினதும் மிச்சம் ஈரலிலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேர்கிறது. அப்புறம் இன்சுலின் சொல்வதை ஈரல் கேட்காது. ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறும், பிரஷரும் ஏறும், கடைசியில் இதயம் மாட்டிக்கும். குண்டா இருந்தா ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்ல, அவங்களுக்கும் அதிகம்தான். அத்தை சந்தோஷப்பட வேண்டாம்!

தாத்தா காலத்தில் துடுப்பும் பாயும். இப்போ எஞ்சின். பாடு இல்லாத நாளில் அப்பா உட்கார்ந்தே இருப்பார். மூன்று வேளையும் சோறு, கடையில் டீ மட்டும் ஐந்தாறு, எல்லாத்திலும் சர்க்கரை.

இதற்கு வழி சென்னையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினமும் நடந்து, சாப்பாட்டை மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான். அவங்க எடை பெரிசா குறையவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்!

அப்பா இப்போ மாத்திரை போடுகிறார், சாயங்காலம் கரையோரமா நடக்கிறார். கருவாட்டை அம்மா ரெண்டு தண்ணி மாற்றி அலசுகிறார், பிரஷருக்கு உப்பு ஆகாது என்று. டீக்கு மட்டும் இன்னும் சண்டைதான்.

டேப் என் பையில் இருக்கிறது. உங்க அப்பா அம்மாவை அளக்க வேண்டுமானால் கேளுங்கள். திங்கட்கிழமை திருப்பித் தந்துவிட வேண்டும், அது தையல்கார அக்காவோடது.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு