கணிப்பும் பொறுப்பும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை முத்தையாபுரத்தில் வாழும் நாங்கள் மறக்கவில்லை. இம்மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. அதற்கு முந்தைய மாதம்தான், பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணிக்கும் 'கிராஃப்காஸ்ட்' என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி குறித்த ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வெளியானது.

அம்மாதிரி, 1979 முதல் 2017 வரையிலான வானிலைத் தரவுகளிலிருந்து கற்றது. கடந்த காலம் காணாத மழையை இத்தகைய மாதிரிகள் குறைத்து மதிப்பிடக்கூடும். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கேட்பது, அப்பிழையின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதே. உப்பளத் தொழிலாளியும் மீனவரும்தான் கொடுக்கிறார்கள். எனவே, கணிப்பை இயந்திரம் தரட்டும்; அதிலுள்ள ஐயத்தையும் மறைக்காமல், உரிய நேரத்தில் மக்களை எச்சரிக்கும் பொறுப்பு மனிதரிடமே இருக்க வேண்டும்.