பாரில் வேலையா? பதறாதீர்கள்... கவனியுங்கள்!

திருச்சியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் விராலிமலையைத் தாண்டியதும் கொஞ்ச நேரத்தில் கொடும்பாளூரைக் கடந்துவிடுவீர்கள். மூவர் கோயிலைப் பார்க்க இறங்கியவர்களுக்கு ஊர் நன்றாக ஞாபகம் இருக்கும். பத்தாம் நூற்றாண்டில் பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேளிர் மன்னர் கட்டியது. மூன்று கோயில்களில் இன்று நிற்பது இரண்டுதான். இன்னொரு பெருமையும் இந்த ஊருக்கு உண்டு. மதுரைக்குக் கிளம்பிய கோவலனுக்கு வழி சொல்கிற மறையவர், கொடும்பையில் பாதை சிவன் கைச் சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும் என்கிறாரே, சிலப்பதிகாரத்தில்... அந்தக் கொடும்பை இதுதான்.

ஆரோக்கியப் பத்திரிகையில் சரித்திரம் எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இது மழையை நம்பின பூமி. படிப்பை முடித்த பையன்கள் வேலை தேடிக் கிளம்பும்போது அவர்கள் முன்னாலும் பாதை பிரியத்தான் செய்கிறது. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று எங்கே போனாலும் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. "பையன் எங்க இருக்கான்?" என்று கேட்டால், "ஹோட்டல்ல வேலைங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஹோட்டலில் எங்கே? பாரில்!

இப்படி மறைப்பதால் ஒரு கெடுதல் நடக்கிறது. கால் வீங்கினாலும், நகம் சீழ் பிடித்தாலும், ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் பையன் வீட்டில் சொல்லமாட்டான். சொன்னால் வேலையைப் பற்றிப் பேச்சு வரும். நீங்களும் கேட்கமாட்டீர்கள். கேட்டால் மனசு சங்கடப்படும். அதனால் நாமே பேசிவிடுவோம்.

எந்த பார்?

முதலில், பார் வேலை எல்லாம் ஒன்றில்லை.

2003 நவம்பர் கடைசியில் மதுச் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டபோது டாஸ்மாக் கடைகளுக்கு மேற்பார்வையாளர்கள், விற்பனையாளர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். பட்டதாரிகளும் ஏராளம். தொடக்கத்தில் மேற்பார்வையாளருக்கு மாதம் 3,000 ரூபாய், விற்பனையாளருக்கு 2,000 ரூபாய் தொகுப்பூதியம். பிறகு பல தடவை உயர்ந்தது. 2025 ஏப்ரலிலும் 2,000 ரூபாய் ஏற்றினார்கள்.

இந்தக் கடையை ஒட்டி இருக்கிற பார் வேறு சமாசாரம். அதை நடத்துவது டெண்டர் எடுத்த தனியார். அங்கே கிளாஸ் வைக்கிற, சுண்டல் கொடுக்கிற, மேஜை துடைக்கிற 'சப்ளையர்' பையன் அரசு ஊழியன் அல்ல. பெரும்பாலும் தினக்கூலி, சாப்பாடு, அப்புறம் கஸ்டமர் கொடுக்கிற டிப்ஸ். நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை அகற்றச் சொல்லி 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. டாஸ்மாக் ஊழியருக்கு வேறு கடை கிடைத்தது. சப்ளையர் பையனுக்கு? 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடியபோதும் இதே கதைதான். மே மாதமே கடைகளைத் திறக்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்கள் திறக்க வருஷக் கடைசி ஆகிவிட்டது.

மூன்றாவது, நட்சத்திர ஹோட்டல் 'பார்டெண்டர்'. இது படித்துச் செய்கிற தொழில். திருச்சி துவாக்குடியிலும் சென்னை தரமணியிலும் இருக்கிற ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரிகளில் இதற்கும் பாடம் உண்டு. ஜிக்கரில் 30 மில்லி, 60 மில்லி என்று சிந்தாமல் அளப்பது, எதோடு எது சேரும் என்று நாக்கில் வைத்திருப்பது, பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் முகம் சுளிக்காமல் இருப்பது... இதெல்லாம் திறமைதான். சொகுசுக் கப்பல், வெளிநாட்டு ஹோட்டல் என்று கதவுகள் திறக்கின்றன. மும்பையில் ஷத்பி பாசு என்ற பெண்மணி 1980-களிலேயே இந்தத் தொழிலுக்கு வந்து, பிறகு பார்டெண்டர்களுக்கென்று பள்ளியே நடத்தினார். மது வழங்கும் இடங்களில் பெண்கள் வேலை பார்க்கக் கூடாது என்று பஞ்சாப் கலால் சட்டத்தில் இருந்த பிரிவை 2007-ல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆக, இது கேவலமான வேலை என்று யாராவது மூக்கைப் பிடித்தால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஊற்றிக் கொடுக்கிறவனை விட்டு, வாங்கிக் குடிக்கிறவரிடம் போய் அதைச் சொல்லட்டும்!

காலும் கையும்

எட்டு, பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை. ரத்தம் காலிலேயே தேங்கித் தேங்கி, கெண்டைக்கால் நரம்புகள் பச்சையாகப் புடைத்துச் சுருட்டிக்கொள்ளும். 'வெரிகோஸ்' என்கிறார்களே, அதுதான். வேலை முடிந்ததும் கால் மணி நேரம் படுத்துக்கொண்டு, கால்களைச் சுவரில் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். இறுக்கமான காலுறை போடலாம், ஆனால் டாக்டர் பார்த்து அளவு சொன்ன பிறகு. இன்னொன்று தெரியுமா? கடைகள், நிறுவனங்களில் ஊழியர் உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்து எல்லோரும் அதைப் பேசினார்கள். உணவகம், ஹோட்டல் ஊழியர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கேட்பது தப்பே இல்லை.

அடுத்து இடுப்பு. ஒரு பெட்டிக்கு 48 குவாட்டர் பாட்டில். உள்ளே இருக்கிற சரக்கு மட்டும் எட்டரை லிட்டருக்கு மேல். கண்ணாடியின் கனம் தனி. குனிந்து தூக்காமல், முழங்காலை மடக்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கவேண்டும்.

கைக்கு வருவோம். ஐஸ், தண்ணீர், சோப்பு என்று விரல் எப்போதும் ஈரம். நகத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்து வலிக்கும். நம் பாட்டிமார் சொன்ன நகச்சுற்றுதான். எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு சும்மா இருந்தால் போதாது. திரும்பத் திரும்ப வந்தால் அது பூஞ்சைக் கிருமியாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டவேண்டும். கிளாஸ் கழுவும்போது கையுறை, கழுவியதும் விரலிடுக்கு வரை துடைப்பது, படுக்கும்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான் செலவு.

எலுமிச்சை என்றதும் ஞாபகம் வருகிறது. பகலில் கிலோ கணக்கில் பழம் பிழிந்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவாமல் வெயிலில் போனால், தோல் வெந்து கொப்பளித்து, கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். பழச்சாறும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை. எண்ணெய் கொட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பர்னால் தடவுகிறவர்கள் உண்டு!

அடுத்தவர் புகை

குடிக்கிறவர் கையில் சிகரெட் இல்லாத பாரைப் பார்ப்பது கஷ்டம். குடிக்க வருகிறவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். பையன் அந்தப் புகைக்குள்ளேயே இருக்கிறான். இதனால் என்ன ஆகும் என்பதைப் பார் ஊழியர்களை வைத்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1998 ஜனவரி முதல் பாருக்குள் புகைபிடிக்கத் தடை. தடைக்கு முன்னால் சான்பிரான்சிஸ்கோவில் 53 பார்டெண்டர்களைப் பரிசோதித்தபோது 39 பேருக்கு இருமல், இளைப்பு, சளி. தடை வந்து இரண்டு மாதத்துக்குள் அந்த 39 பேரில் 23 பேருக்கு அந்தத் தொல்லை இல்லாமல் போயிருந்தது. மாத்திரை இல்லை, மருந்து இல்லை!

நம் நாட்டிலும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. பெரிய ஹோட்டல், ரெஸ்டாரண்டுகளில் அதற்கென்று தனி அறை வைக்கலாம் என்கிறது விதி. ஒட்டுக்கொட்டகை பார்களில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால், வயசுப் பையன்தானே என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பாட்டு அலறுகிற பாராக இருந்தால் காதுக்கும் ஆபத்து. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்! வீட்டுக்கு வந்த பிறகும் 'ஙொய்' என்று காதில் இரைந்தால் அது எச்சரிக்கை மணி.

"நீயும் ஒண்ணு போடு தம்பி!"

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இங்கிலாந்து, வேல்ஸில் 2001 முதல் 2005 வரை நடந்த மரணங்களைத் தொழில்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மதுவால் வருகிற சாவு பார் நடத்துகிறவர்களிடமும் பார் ஊழியர்களிடமும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு இருந்தது. நெசவாளிக்குத் தூசி மாதிரி, இவர்களுக்குத் தொழில் தருகிற நோய் இது.

ஏன்? கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. இலவசம். வேலை முடியும்போது உடம்பு அசந்துபோயிருக்கும். சந்தோஷத்தில் இருக்கிற கஸ்டமர், "நீயும் ஒண்ணு போடு தம்பி" என்பார். மறுத்தால் கோபம் வரும், டிப்ஸ் குறையும். துக்கத்தில் இருக்கிறவர் தன் கதையெல்லாம் சொல்லி அழுவார். பத்துப் பேர் துக்கத்தைக் கேட்டவன் தன் துக்கத்தை யாரிடம் சொல்வான்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். 180 மில்லி குவாட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்த ஒரு குவாட்டர், விடிகிறவரை உள்ளேயே இருக்கும். அளவாகக் குடித்தால் நல்லது என்ற பேச்சும் எடுபடாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

தொழில் தெரிந்தவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ருசி பார்க்க ஸ்டிராவில் ஒரு சொட்டு, அதையும் துப்பிவிடுவது. கஸ்டமர் கட்டாயப்படுத்தினால் தன் கிளாஸில் வெறும் கோலாவையோ ஜிஞ்சர் ஏலையோ ஊற்றிக்கொண்டு 'சியர்ஸ்' சொல்வது. "டாக்டர் வேண்டாம்னுட்டார் அண்ணே, மாத்திரை சாப்பிடுறேன்" என்பதும் நல்ல பொய்தான். இந்த ஒரு பொய்யைச் சொல்லப் பையனுக்கு நீங்களே கற்றுக்கொடுக்கலாம்.

பையன் மாட்டிக்கொண்டானா என்று தெரிந்துகொள்ள டாக்டர்கள் நாலு கேள்வி வைத்திருக்கிறார்கள். குடியைக் குறைக்கவேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? யாராவது குடியைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்ச்சி உண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்க ஒரு வாய் குடிக்கவேண்டியிருக்கிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் டாக்டரிடம் போகவேண்டிய நேரம் வந்துவிட்டது. சத்தம் போட்டுக் கேட்காதீர்கள். சாப்பாடு போடும்போது சாதாரணமாகக் கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்துப் பழகியவரை, "இன்னியோட விட்டுடு" என்று ரூமில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் மருந்தோடுதான் நிறுத்தவேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற தேசியப் போதை மீட்பு எண்ணிலும் கூப்பிடலாம், காசு கிடையாது. மனசு சரியில்லை என்றால் 14416.

சேருவதற்கு முன்னால்

வேலைக்கு ஆள் கூப்பிடும்போது சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? புகை வெளியே போக வழி இருக்கிறதா? தகராறு வந்தால் யார் பார்த்துக்கொள்வது? கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடம் அருகே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய டாஸ்மாக் விற்பனையாளர் ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். வசூல் பணத்தோடு தனியாக ஆளை அனுப்புகிற இடம் வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்? சாயங்காலம் வேலைக்குப் போகும்முன் வயிறு நிறையச் சோறு, நடுவில் கொஞ்சம் சுண்டல் (பாரில் அதற்குப் பஞ்சமில்லை!), முடிந்ததும் இரண்டு இட்லி அல்லது மோர். பகலில் தூங்குகிறவனை "இன்னும் என்ன தூக்கம்?" என்று எழுப்பாதீர்கள். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி ஏழு மணி நேரம் தூங்கவிடுங்கள்.

அப்புறம் ராத்திரிப் பயணம். பார் மூடிக் கணக்கு முடித்துக் கிளம்ப நடுநிசி தாண்டிவிடும். தூக்கக் கலக்கத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே நாற்கரச் சாலையில் வருவதைவிட அங்கேயே படுத்துவிட்டு விடிந்ததும் பஸ் ஏறுவது மேல். தங்க இடம் தருவார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். சம்பளத்தில் ஐநூறு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.