சாவித்துவார சிகிச்சையும் அவசரக் குடலிறக்கமும்



"துளை போட்டு ஆப்பரேஷன் செய்யும் கருவிகள்தான் இருக்கின்றனவே, பிறகு ஏன் சில ஹெர்னியா நோயாளிகளுக்கு இன்னும் பழையபடி கிழித்தே செய்கிறார்கள்?" என்று மருத்துவமனையைப் பார்க்க வரும் சபையார் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. மருத்துவர்களிடம் கேட்டும், ஆப்பரேஷன் அறைக்கு வெளியே உறவினர்களோடு காத்திருந்தும் நாங்கள் அறிந்துகொண்டதைச் சொல்லுகிறோம்.

தொடையும் வயிறும் சேரும் கவட்டைப் பகுதியில் வயிற்றுச் சுவர் இயல்பாகவே பலவீனமானது. ஆண்களுக்கு விந்துக் குழாயும் இரத்தக் குழாய்களும் விரைக்கு இறங்கிச் செல்ல அங்கே ஒரு வழி உண்டு. அதன் வழியாகவோ, அதன் அருகே சுவர் நலிந்த இடத்திலோ குடல் பிதுங்கி வருவதுதான் குடலிறக்கம். நின்றால் வீங்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வலியும் அதிகம் இராது. ஆகையால் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, பெல்ட் ஒன்றைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்காகக் காலம் தள்ளுகிறவர்கள் அநேகர். அந்த இடத்தைப் பிறருக்குக் காட்டக் கூச்சம். மனைவிக்கே தெரியாமல் பத்து வருடம் வைத்திருந்தவர்களையும் நாங்கள் வார்டில் சந்தித்திருக்கிறோம்.

எல்லாருக்கும் இது ஆபத்தாக முடிவதில்லை. தொந்தரவு அதிகமில்லாத 720 ஆண்களைக் கொண்டு வட அமெரிக்காவில் நடந்து, 2006-ல் வெளியான ஆய்வில், ஆப்பரேஷன் செய்யாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் அவசர நிலைக்கு வந்தவர்கள் வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் இன்னொரு வகை உண்டு. தொடையின் பெரிய இரத்தக் குழாய்க்கு அடுத்துள்ள குறுகிய சந்தில் குடல் நுழைவது. இது பெண்களிடம், அதிலும் வயதானவர்களிடம், அதிகமாகக் காணப்படுகிறது. வீக்கம் நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். பல நேரம் நெறிக்கட்டி என்றே நினைத்துவிடுவார்கள். இந்த வகையில் மூன்று மாதத்துக்குள்ளாகவே நூற்றுக்கு 22 பேருக்குக் குடல் இறுகும் வாய்ப்பு உண்டு என்று இங்கிலாந்தில் 1991-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாட்டிமார் வெட்கப்பட்டு மறைப்பது எங்களை அதிகம் கலங்கச் செய்வதற்கு இதுவே காரணம்.

இறுகுதல் என்றால் என்ன? வெளியே வந்த குடல் திரும்ப முடியாமல் வாசலிலேயே மாட்டிக்கொள்கிறது. முதலில் அதிலிருந்து இரத்தம் வெளியேறும் வழி அடைபடும். குடல் வீங்கும். வீங்க வீங்க இறுக்கம் கூடும். பிறகு உள்ளே வரும் இரத்தமும் நின்றுபோகும். நோயாளிக்கு வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் வெளியேறாமை. வீக்கம் கல் போலாகி, தொட்டாலே உயிர் போகும் வலி. சில மணி நேரத்தில் குடலின் அந்தத் துண்டு செத்துவிடக்கூடும். சுவீடன் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கவட்டைக் குடலிறக்க ஆப்பரேஷன்களைப் பார்த்து 2007-ல் வெளியான கணக்கின்படி, அடுத்த 30 நாட்களில் இறக்கும் ஆபத்து பொது மக்களோடு ஒப்பிட, அவசர ஆப்பரேஷனில் 7 மடங்கு. குடலை வெட்டவும் நேர்ந்தால் 20 மடங்கு. அப்படியானால் மருத்துவர் முன் நிற்கும் பெரிய கேள்வி, அந்தக் குடல் உயிரோடு இருக்கிறதா என்பதே.

இங்கேதான் சாவித்துவார முறை உதவுகிறது. தொப்புள் அருகே ஒரு சென்டிமீட்டர் துளையில் காமிராவும், அரை சென்டிமீட்டர் துளைகள் இரண்டில் கருவிகளும் செல்லும். வயிற்றைக் கூடாரம் போல் உயர்த்த, எரியாததும் இரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறுவதுமான கரியமில வாயுவை நிரப்புகிறார்கள். இந்தியாவில் இம்முறையில் பித்தப்பையை முதன்முதல் அகற்றியவர் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா, அது 1990-ல். குடலிறக்கத்துக்கும் அதே பத்தாண்டில் இது பரவியது. ஆனால் அவசர நோயாளிகளுக்கு இது ஆகாது என்றே பலர் வெகு காலம் எண்ணினார்கள்.

எண்ணம் மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. மயக்க மருந்து கொடுத்ததும் தசைகள் தளரும். மாட்டியிருந்த குடல் தானாகவே உள்ளே வழுக்கிப் போய்விடுவது உண்டு. கவட்டையில் கீறித் திறந்தவருக்கு வெறும் பைதான் கிடைக்கும். போன குடல் எந்த நிலையில் போனது? காமிரா உள்ளே இருந்தால் தேடிப் பார்த்துவிடலாம். நீலம் பாய்ந்த துண்டு மெல்லச் சிவக்கிறதா, மினுமினுப்பு திரும்புகிறதா, புழுவைப் போல் நெளிகிறதா என்று கவனிக்கலாம். மருத்துவர் அதற்குள் வாசலை அடைத்து, சுமார் 10-க்கு 15 சென்டிமீட்டர் வலையை வைத்து, மேலே உள்ள சவ்வைத் தைத்து முடிப்பார். அரை மணியோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். பிறகு மறுபடியும் குடலைப் பார்ப்பார். இந்த இரண்டாம் பார்வையால் சிலருக்குக் குடலை வெட்ட வேண்டிய தேவையே நீங்கிவிடுகிறது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றாலும், தொப்புள் துளையைச் சற்றுப் பெரிதாக்கி அந்தத் துண்டை மட்டும் வெளியே எடுத்து இணைக்க முடியும். வயிற்றுக்குள் நுழையாமல் தசைக்குப் பின்னாலேயே செல்லும் இன்னொரு சாவித்துவார முறையில் குடல் கண்ணில் படாது. அவசரத்தில் முந்திய முறையைப் பலர் விரும்புவது இதனால்தான்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். இதற்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும். இருதயம் பலவீனமான முதியவருக்கு அது ஆபத்தாகலாம். அவருக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தோ கீறிச் செய்வதே பத்திரம். குடல் மிகவும் உப்பியிருந்தால் கருவி அசைய உள்ளே இடமிராது. வீங்கிய குடல் நனைந்த காகிதம் போன்றது, இழுத்தால் கிழிந்துவிடும். வெளியிலிருந்து கையால் மெதுவாகத் தள்ளி, உள்ளிருந்து வாசலைச் சற்றே வெட்டி விரிக்கப் பழகிய கை தேவை. இரத்த அழுத்தம் விழுந்துபோய் வருகிறவருக்கு வாயு நிரப்புவதும் கூடாது. குடல் வெடித்து மலம் சிந்தியிருந்தால் பொதுவாக வலை வைப்பதைத் தவிர்த்துத் தைத்துவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு இம்முறையில் தேர்ந்த மருத்துவர் இல்லையென்றால், இருக்கிறவர் தமக்கு நன்றாகத் தெரிந்த முறையில் செய்வதே சரி. எங்கள் பார்வையில் அது பின்தங்கிய வைத்தியம் அல்ல.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. கவட்டையில் கீறித் திறந்த பின், அந்த ஹெர்னியாப் பையின் வழியாகவே காமிராவை உள்ளே செலுத்திக் குடலைப் பார்த்துவிடுவது. விலையுயர்ந்த கருவி இங்கே கத்திக்குப் பதிலாக அல்ல, கண்ணாகப் பயன்படுகிறது.

உங்கள் வீட்டிலோ சபையிலோ யாருக்காவது வீக்கம் திடீரென்று கெட்டியாகி, உள்ளே போகாமல் வலித்தால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். எண்ணெய் தடவி அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். செத்த குடல் உள்ளே போய்விட்டால் கண்டுபிடிப்பது கடினம். பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். வழியில் சோடாவோ காப்பியோ எதுவும் கொடுக்காதீர்கள், மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். வீக்கம் எத்தனை மணிக்குக் கெட்டியானது என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வரும் வழியிலேயே அது உள்ளே போய்விட்டாலும் திரும்பிவிடாமல், வந்து டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.