அலமாரிக்குள் ஐப்பசி

காவிரி டெல்டாவில் ஈரப்பதம் என்பது வானிலை அறிக்கையோடு முடிந்துபோகிற சங்கதி இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கருவி 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். மழை பிடித்த ஆண்டுகளில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், பார்வையிட மத்தியக் குழு வருவதும் வாடிக்கையாகிவிட்டது. காயவைத்த நெல்லுக்குள்ளும் நீர் இருக்கிறது, சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது ஏறும் இறங்கும் என்பது களத்துமேட்டில் நிற்கிற எவருக்கும் தெரியும். அதே விதி அலமாரியில் இருக்கும் வேட்டிக்கும் புடவைக்கும் பொருந்தும் என்பதுதான் வீடு கட்டும்போது மறந்துபோகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது பருத்தித் துணி தன் உலர் எடையில் சுமார் எட்டரை சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டு 11 சதவீதம். பாலியெஸ்டருக்கு அரை சதவீதம்கூடக் கிடையாது. தொட்டால் மொறமொறவென்று இருக்கிற பத்துக் கிலோ பருத்தித் துணிக்குள் ஏறக்குறைய 780 கிராம் தண்ணீர் உண்டு. ஐப்பசி அடைமழையில் அது இன்னும் கூடும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அலமாரிக்குள் நாம் போடுகிற சின்னச் சின்னப் பொட்டலங்களைப் பார்க்கலாம். நாலடி அகலம், இரண்டடி ஆழம், ஏழடி உயரமுள்ள அலமாரிக்குள் ஒன்றரைக் கன மீட்டருக்குச் சற்று மேல் காற்று இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், அந்தக் காற்று முழுவதிலும் உள்ள நீர் 40 கிராமுக்கு உட்பட்டது. ஆக, ஈரத்தின் கிடங்கு காற்று இல்லை, துணிதான். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே நீரை உறிஞ்சும். ஐந்து கிராம் பொட்டலம் பத்துப் போட்டாலும் 17 கிராமைத் தாண்டாது. கதவை நாலு தடவை திறந்தால் அதற்கு மேல் உள்ளே வந்துவிடும். அந்துருண்டை பூச்சியை விரட்டும், அவ்வளவுதான். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு நடுவே வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கர்ப்பூரம் சேர்த்த பொடியைச் சிறு முடிச்சுகளாக வைக்கிற பழைய முறை புகழ்பெற்றது. அதுவும் பூச்சிக்கான மருந்து. பூசணத்தின் வித்துகள் எங்கும் மிதந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பரப்பை ஒட்டிய ஈரப்பதம் நாட்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றால் அவை முளைக்கும். கஞ்சி போட்ட வேட்டியும் வியர்வை காய்ந்த சட்டையும் அவற்றுக்கு விருந்து.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அலமாரிக்குள் எந்த இடத்தில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுகிறது என்பது. பதில்: குளிர்ந்த பரப்பை ஒட்டி. காற்றிலுள்ள நீரின் அளவு மாறாமல் வெப்பம் மட்டும் குறைந்தால் ஈரப்பதச் சதவீதம் ஏறும். நம் ஊர் வீடுகளில் சுவருக்குள் குடைந்து, கடப்பைக்கல் தட்டு பதித்த அலமாரியை இந்தக் கண்ணோடு பார்த்தால் கோளாறு தெரியும். ஒன்பது அங்குலச் சுவரில் குழிவு விட்டால் பின்னால் மிஞ்சுவது நாலரை அங்குலம். அது வெளிச்சுவராக இருந்து, வடக்கோ கிழக்கோ பார்த்தும் இருந்தால், வடகிழக்குப் பருவமழையின் சாரல் முழுவதும் வீட்டிலேயே மெல்லிய அந்தச் சுவரில்தான் அடிக்கிறது. அடியிலிருந்து ஏறும் ஓதம் வேறு. அந்தச் சுவரில் முதுகை ஒட்டி அடுக்கிய புடவையில் பழுப்புப் புள்ளி விழுவதற்குப் புடவையையும் சோப்பையும் நொந்து பயனில்லை. கடப்பைக்கல் கெட்டியான கல், மக்காது, கரையான் அரிக்காது. ஆனாலும் இடம் தப்பு. அலமாரிக்கு உள்சுவரைத் தேர்ந்தெடுப்பதும், பின்பலகைக்கும் சுவருக்கும் இரண்டு அங்குல இடைவெளி விடுவதும், தரையிலிருந்து அரையடி தூக்கிக் கால் வைப்பதும் எந்த விலையுயர்ந்த மரத்தையும்விட அதிகப் பலன் தரும் என்பதே என் முடிவு. தரையிலிருந்து உத்தரம் வரை சுவரோடு ஒட்டி அறைகிற இன்றைய மாடுலர் வார்ட்ரோப் இவற்றில் பின்னிரண்டையும் ஒரே அடியில் மீறுகிறது. பார்க்க அழகு, மறுக்கவில்லை.

பத்தாயம் மூடிய பெட்டிதானே, நெல் அதில் கெடவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்தாயத்துக்குக் கால் உண்டு, சுவரில் ஒட்டாது. அதைவிட முக்கியம், நன்றாகக் காய்ந்த நெல்லே அதற்குள் போனது, அடிக்கடி திறக்கப்படவும் இல்லை. திருபுவனம் பட்டும் கம்பளியும் அப்படிப்பட்ட சரக்கு. கோடையில் நிழலில் உலர்த்தி, இறுக மூடும் ஒரு தனி அறைக்குள் வைத்தால் அடுத்த கோடை வரை தாங்கும். சிலிக்கா ஜெல்லுக்கு வேலை இருப்பதும் அங்கேதான். தினமும் திறக்கிற, அரைகுறையாகக் காய்ந்த துணி உள்ளே போகிற பகுதிக்கு இது உதவாது. அதற்குக் காற்று வேண்டும்: கதவின் அடியிலும் தலையிலும் திறப்பு, அல்லது கதவே பிரம்புப் பின்னல். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள தைக்காலில் பிரம்பு வேலை தெரிந்த கைகள் இன்றும் இருக்கின்றன. தூசி வரும், பல்லி வரும் என்பார்கள். பல்லிக்கு உள்பக்கம் சல்லடைக் கம்பி வலை அடிக்கலாம். தூசி வரத்தான் செய்யும். அது உதறினால் போகும், பூசணக் கறை போகாது.

மழைநாளில் வெளிக்காற்றே 90 சதவீதம் என்றால் திறப்பு வைத்து என்ன லாபம் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அறைக்காற்றைவிட உள்ளே உலர்வாக்க எந்தத் திறப்பாலும் முடியாதுதான். அறையைவிட உள்ளே மோசமாகாமல் அது தடுக்கும். மழை விட்ட பிற்பகலின் சற்றே உலர்ந்த காற்றைத் துணிவரை கொண்டுபோகும். அதற்கு மேல் வேண்டுமானால் வெப்பம்தான் வழி. 26 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை மூன்றே டிகிரி சூடாக்கினால் அது 75 சதவீதமாக இறங்கிவிடும். அடுப்புக்கு மேலிருந்த பரணில் புளியும் விதையும் கெடாமல் இருந்ததில் புகைக்கு மட்டுமில்லை, இந்தச் சூட்டுக்கும் பங்குண்டு. சமையலறையை ஒட்டிய உள்சுவர் அலமாரிக்கு நல்ல இடம் என்பது அதனால்தான். ஏ.சி. ஓடுகிற அறைக்குள் ஈரம் குறையும், சரி. ஆனால் அந்த அறைச் சுவரின் மறுபக்கத்தில், ஏ.சி. இல்லாத அறையில் அலமாரி இருந்தால்? அங்கே காற்று 30 டிகிரி, 80 சதவீதம். சுவர்ப் பரப்பு 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதை ஒட்டிய ஈரப்பதம் 90-ஐத் தாண்டும். ஓர் அறையைக் காயவைத்து அடுத்த அறையை நனைக்கிற கதை.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பார்ட்டிகிள் போர்டின் வெட்டுமுனை தரை துடைக்கிற தண்ணீரைக் குடித்து ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது; இந்த ஊருக்கு அது வேண்டாம். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடாதது. அடிப்பெட்டிக்கும் பின்பலகைக்கும் அதைப் போட்டு, மற்ற இடங்களில் செலவைக் குறைக்கலாம். எந்தப் பலகையானாலும் சுவர் பார்க்கிற பின்முகத்தையும் வெட்டுமுனைகளையும் பூசி அடைக்கச் சொல்ல வேண்டும். முன்னால் மைக்கா ஒட்டிப் பின்னால் வெறுமனே விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். தேக்குக் கதவென்றால், நடுப்பலகையைப் பசை போட்டு இறுக்காமல் சட்டத்தின் காடிக்குள் சும்மா செருக வேண்டும். மரம் நீளவாட்டில் அநேகமாக அசையாது. அகலவாட்டில் மழைக்கும் வெயிலுக்கும் இடையே சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். சித்திரையில் கதவு மாட்டினால் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள், ஐப்பசியில் பிடிக்காது. ஐப்பசியில் மாட்டினால் ஒட்டினாற்போல் வைக்கலாம். இடைவெளி கோடையில் தானே விழும்.