பச்சிளங்குழந்தைகளில் வைரஸ் மூளையழற்சியைக் கண்டறிதல்

பிறந்து 28 நாட்கள் நிறையாத குழந்தை பச்சிளங்குழந்தை எனப்படும். இப்பருவத்தில் வைரஸ் மூளையைத் தாக்கினால் அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. தலைவலியைச் சொல்லக் குழந்தைக்குத் தெரியாது. பெரியவர்களிடம் காணப்படும் கழுத்து விறைப்பும் பெரும்பாலும் இருக்காது. பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், ஓயாத அழுகை, காய்ச்சல் அல்லது உடல் குளிர்ந்துபோதல் ஆகியவையே வெளியில் தெரியும். வலிப்புகூட வாயைச் சப்புவது, கண் ஒருபக்கம் நிலைகுத்துவது போன்ற சிறு அசைவாக வரலாம். பாக்டீரியாத் தொற்றிலும், இரத்தச் சர்க்கரை குறையும்போதும் இதே குறிகள் தோன்றும். இதை மாந்தம் என்று எண்ணி உரைமருந்து கொடுத்துப் பார்ப்பதில்தான் பல வீடுகளில் முதல் நாள் வீணாகிறது.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், என்டரோவைரஸ், பாரெகோவைரஸ், சைட்டோமெகலோவைரஸ் ஆகியவை உலகெங்கும் இதற்குக் காரணமாகின்றன. சென்னையில் சிக்குன்குனியாவையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சென்னையும் சிக்குன்குனியாவும்

1964-இல் சென்னையில் சிக்குன்குனியா பெருமளவில் பரவியது. பின்னர் பல ஆண்டுகள் அடங்கியிருந்த நோய் 2005 இறுதியில் இந்தியாவில் மீண்டும் தலைதூக்கி, 2006-இல் தமிழ்நாட்டையும் தாக்கியது. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில் வளர்வது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற நெருக்கமான பகுதிகளில் மூடாத தொட்டியும் டிரம்மும் பூந்தொட்டித் தட்டுமே அதற்குப் போதும்.

தாயிடமிருந்து குழந்தைக்கு இந்நோய் எவ்வாறு செல்கிறது என்பதை இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் 2005-06-இல் நடந்த ஆய்வு தெளிவாக்கியது. பிரசவ நேரத்தில் இரத்தத்தில் வைரஸ் இருந்த 39 தாய்மாரின் குழந்தைகளில் 19 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அறுவைப் பிரசவம் அதைத் தடுக்கவில்லை. அந்த 19 குழந்தைகளும் பிறந்தபோது நலமாகவே இருந்தன. 3 முதல் 7 நாட்களுக்குள்தான் நோய் வெளிப்பட்டது. ஒன்பது குழந்தைகளுக்கு மூளை பாதிக்கப்பட்டது.

சுகப்பிரசவமானால் அந்த மூன்றாம் நாளில் தாயும் சேயும் பெரும்பாலும் வீடு திரும்பியிருப்பார்கள். ஆகவே "பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாய்க்குக் காய்ச்சலோ மூட்டுவலியோ இருந்ததா?" என்ற கேள்வியே முதல் பரிசோதனை எனலாம். செலவில்லாத இக்கேள்விதான் பலமுறை கேட்கப்படாமல் போகிறது. சில நாட்களில் குழந்தையின் மூக்கு நுனி கறுப்பதும் ஒரு தடயமாகும்.

ஆய்வகச் சோதனைகள்

இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசி செலுத்திச் சிறிதளவு மூளைத் தண்டுவட நீர் எடுக்கப்படும். ஊசி தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் செல்கிறது; இதனால் கால் விளங்காமல் போகும் என்ற அச்சம் தேவையற்றது. நீரில் வெள்ளணுக்கள் மிகுந்தால் அழற்சி என்று கொள்வர். ஆனால் பாரெகோவைரஸ் தொற்றில் அணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கக்கூடும். எனவே வைரஸின் மரபுப்பொருளைப் பன்மடங்காக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையே முதன்மையானது. இது வருவதற்கு முன் ஹெர்பிஸ் மூளையழற்சியை உறுதிசெய்ய மூளைத் திசுவையே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தாயின் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு வந்துவிடும். அதைக் கொண்டு குழந்தைக்கு நோய் என்று கூற இயலாது. ஐ.ஜி.எம். அவ்வாறு கடப்பதில்லை என்பதால் அது குழந்தையின் உடலே உருவாக்கியது. ஆனால் அது உருவாகச் சில நாட்கள் ஆகும். சைட்டோமெகலோவைரஸுக்கு வேறொரு கெடு உண்டு: பிறந்து 21 நாட்களுக்குள் சிறுநீரையோ உமிழ்நீரையோ சோதிக்க வேண்டும். தாமதித்தால், தொற்று கருவிலேயே வந்ததா, பின்னர் தாய்ப்பால் வழியே வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

உச்சிக்குழி வழியே செய்யும் ஸ்கேனைக் குழந்தையின் படுக்கையிலேயே எடுக்கலாம். எனினும் தொடக்கநிலைப் பாதிப்பை எம்.ஆர்.ஐ.தான் நன்கு காட்டும்.

ஹெர்பிஸ் சந்தேகம் எழுந்தால் முடிவுக்காகக் காத்திராமல் அசைக்ளோவிர் மருந்தை நரம்பு வழியே தொடங்குவர். உடலில் கொப்புளம் இல்லை என்பதற்காக இந்நோயை விலக்கிவிட முடியாது. மிகத் தொடக்கத்தில் எடுத்த நீரில் பி.சி.ஆர். பொய்யாக எதிர்மறை காட்டக்கூடும். சந்தேகம் நீடித்தால் மீண்டும் சோதிப்பர். மூளைத் தொற்று உறுதியானால் மருந்து 21 நாட்கள் தொடரும். முடியும் தறுவாயில் நீர் மறுபடி சோதிக்கப்படும். அப்போதும் வைரஸ் தென்பட்டால் மருந்து நீட்டிக்கப்படும்.

சிக்குன்குனியாவுக்குத் தனி மருந்து இல்லை. இருந்தும் நோயை உறுதிசெய்வதால் தேவையற்ற ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம். குழந்தையின் தலை வளர்ச்சி, கழுத்து நிற்பது, பார்வை, பேச்சு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்கலாம். ரீயூனியனில் மூளை பாதித்த ஒன்பது பேரில் நால்வருக்குக் குறைபாடு நீடித்தது.