பேழையின் விலையும் காசின் விலையும்

குற்றாலத்திற் சாரல் தொடங்கிய ஆனித் திங்களில், விடுமுறை நாளொன்றில், நம் மாணவர் சிலருடன் அருவியாடித் தென்காசிக்குத் திரும்புங்கால், வழியிலிருந்த கடையொன்றில் நின்றோம். ஆங்கே பளிங்கு போன்ற பேழையொன்றினுள் ஒரு செப்புக்காசு இருந்தது. ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகம். மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும். மாணவரொருவர் விடுதிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்தினின்றும் 2,000 ரூபாய் ஈந்து அதனை வாங்கிவிட்டார். அத்தகைய காசைக் கம்பெனியார் வெளியிட்டதேயில்லை. அது பிற்காலத்தார் செய்த போலி. இதனை நாம் எடுத்துக்காட்டியபோது அவர், “ஐயா, பேழை அவ்வளவு நேர்த்தியாக இருந்ததே!” என்றார். அவ்விடையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தரப்பேழை என்பது யாதெனில், காசொன்றின் மெய்ம்மையையும் தேய்வையும் வல்லுநர் ஆய்ந்து, தரவெண் எழுதிய சீட்டுடன் பிளாஸ்டிக் கூட்டினுள் வைத்து மூடியதாகும். அதனை உடைத்தாலன்றித் திறக்கவியலாது. 1 முதல் 70 வரையுள்ள தரவெண் முறையை அமெரிக்கச் செப்புக்காசுகளுக்கென 1949-இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்பவர். அந்நாட்டில் 1986-இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், 1987-இல் என்.ஜி.சி. நிறுவனமும் இவ்வகைப் பேழைகளை வழங்கத் தொடங்கின. முன்னதன் முதற்பேழையை ஆட்டினால் காசு உள்ளே கலகலக்கும். பின்னதன் முதற்பேழை உட்புறம் கருநிறமுடையது. விரைவிலேயே வெண்ணிறத்திற்கு மாற்றப்பட்டமையால் கரும்பேழைகள் மிகச் சிலவே எஞ்சின. இன்று அவற்றிற்கெனவே மிகுவிலை கொடுப்பார் உளர்.

இனி, அரிய பேழை காசின் மதிப்பை உயர்த்துமோ? இதனை அறிய எளிய சோதனையொன்றுண்டு. பேழையை உடைத்துக் காசை வெளியே எடுத்துவிட்டதாக மனத்திற் கொள்க. எஞ்சும் விலை காசினுடையது. மறையும் விலை பேழையினுடையது. அம்மறைவும் இருவகைத்து. மெய்க்காசு என்னும் உறுதியால் வந்த விலையை, மீண்டும் ஆய்வுக்குட்படுத்திப் பெறலாம். பேழையின் அருமையால் வந்த விலையோ ஒருகாலும் மீளாது. ஆதலின் அரிய பேழையை வாங்குவோர் ஒரு பொருளையன்று, இரு பொருள்களை வாங்குகின்றனர்.

எனினும் பழைய பேழைக்கு வேறொரு சிறப்புமுண்டு. மூடிய நாள்தொட்டு எவரும் காசைத் துலக்கவோ திருத்தவோ இல்லை என்பதற்கு அது சான்றாகும். முற்காலத்து ஆய்வாளர் கண்டிப்பு மிக்கவர் என்றும், இன்று ஆய்ந்தால் உயர்ந்த தரவெண் கிட்டும் என்றும் நம்பி விலையேற்றுவாரும் உளர். அந்நம்பிக்கை ஒவ்வொரு காசிற்கும் பொருந்துமென்பதில்லை. பேழையையே போலியாகச் செய்வாரும் உண்மையின், அதிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தாரின் இணையப் பதிவேட்டுடன் ஒப்புநோக்கல் வேண்டும்.

காசைத் தாங்கும் கருவி தானே அரும்பொருளாதல் நம் பக்கத்தார்க்குப் புதிதன்று. குற்றாலத்திற்கு அணித்தான செங்கோட்டை 1956 வரை தமிழ்நாட்டின் புறத்ததாய், முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூரின் 28 சக்கரமும் 8 காசும் ஓர் ஆங்கில ரூபாய்க்கு ஈடு. வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியதாகலின், அதனை எண்ணுதற்குச் சிறு குழிகள் நிரைநிரையாக அமைந்த மரப்பலகை இருந்தது. காசுகளைச் சொரிந்து குலுக்கினால் குழிக்கொன்றாகத் தங்கும்; நொடியில் கணக்கு முடியும். இன்று அப்பலகையும் அருங்காட்சியகத்தில் இடம்பெறும் பொருளாயிற்று. ஆயினும் பலகை அரிதென்பதால் அதன் குழியிலிருந்த சக்கரம் அரிதாகிவிடாது.

அண்மையில் வேறொரு மாணவர் தம் பாட்டியார் வைத்துப்போன சக்கரங்களைக் கொணர்ந்து, “இவற்றை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பேழையிலிடலாமா?” என வினவினார். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருளாகும். மத்திய அரசோ அதன் அதிகாரம் பெற்றாரோ அன்றி வேறெவரும் அதனை நாடுகடத்தல் ஆகாது. ஆகவே அவர்க்கு நாம் கூறியது இதுவே: புளியிட்டுத் துலக்காதீர், அவ்வாறு செய்யின் இயற்கை நிறமும் விலையும் ஒருங்கே கெடும். எடையையும் குறுக்களவையும் குறித்து, யாரிடமிருந்து வந்ததென எழுதி, தனித்தனி உறையிலிட்டு வையுங்கள்.

போலிக்காசை வாங்கிய மாணவர் இழந்தது ஒரு திங்கள் உணவுப் பணம். அவ்விழப்பு பிறர்க்கு நேராதிருக்க நாம் வேண்டுவது, முதலிற் காசைக் கற்றல். பேழையை மெச்சுதல் அதற்குப் பின்னரே ஆகுக.